நாலாவது குமிழி

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய்க் கதை என்றால் பனைமரம் வேண்டும், நள்ளிரவு வேண்டும், எங்கோ ஒரு நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இது நடந்தது நல்ல காலை வெளிச்சத்தில். அன்று அமாவாசை இல்லை, யாருடைய திதியும் இல்லை, சாதாரண வியாழக்கிழமை. இடம், மலையாளக் கரையில், கோவளத்துக்குச் சற்றுத் தெற்கே, கடலுக்கு அடியில்.

நடந்தது ஆஷாவுக்கு. கரமனையில் எங்களுக்கு எதிர்வீட்டுப் பெண். ஜுரம் என்று ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, அந்தப் பொய் பொறுக்காமல் மத்தியானமே வேலைக்குப் போய் நின்றவள் அவள். அப்படிப்பட்டவள் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், கைலாஷ். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. ஸ்கூட்டர் சாவியைப் பூணூலில் கோத்து வைத்திருப்பான். பையில் வைத்தால் தொலைத்துவிடுவான். எங்கள் தெருவில் இது புதிதும் அல்ல, பீரோ சாவியைப் பூணூலில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த மாமாக்கள் நிறைய உண்டு. "சாவிக்கு காயத்ரியைக் காவல் வச்சிருக்கான்" என்று அவனைக் கேலி செய்வோம். அவன் நடந்தால் சட்டைப் பொத்தானில் சாவி இடித்து, டிக்... டிக்... என்று மெல்லிய சத்தம் வரும். வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் அவன் அம்மா லலிதாம்பாள் தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள்.

அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு நண்பனின் பிறந்தநாள் என்று கைலாஷ் காரில் கும்பலாகக் கோவளத்துக்குக் கிளம்பிப் போனான். கடலுக்கு அடியில் மீன் பார்க்கக் கூட்டிப்போகிறோம் என்று ஒரு கூட்டம் அழைத்திருக்கிறது. லைசன்ஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. படகில் வைத்து ஐந்து நிமிஷம் பாடம். "வாயால மூச்சு விடுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்." அவ்வளவுதான். கீழே போன இடத்தில் யாரோ ஒருவனுடைய கால் துடுப்பு இவன் வாயில் இடித்து, ரெகுலேட்டர் கழன்றுவிட்டது. சிலிண்டரிலிருந்து காற்று வருகிற குழாயின் வாய்ப்பகுதிதான் ரெகுலேட்டர். அது எங்கும் போய்விடவில்லை. அவனுடைய வலது தோளுக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எப்படித் துழாவி எடுப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூச்சை இறுக்கி அடக்கிக்கொண்டு, கைக்கு எட்டுகிற காற்றைத் தேடித் தேடியே செத்துப்போனான்.

இருபத்துநாலு வயசு.

அந்தக் கூட்டம் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. ஸ்கூட்டர் தார்ப்பாய் போர்த்தி முற்றத்தில் நின்றது. சாவி கடலோடு போயிற்று என்றுதான் வீட்டில் பேச்சு. பூட்டை உடைத்து விற்றுவிடலாம் என்று சித்தப்பா சுந்தரராமன் சொல்லிப்பார்த்தார். லலிதாம்பாள் காதிலேயே வாங்கவில்லை.

அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அரிசி களையும்போது கேட்பாள், துணி மடிக்கும்போது கேட்பாள், தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து கேட்பாள்.

"ரொம்ப மூச்சு முட்டிருக்குமோடி அவனுக்கு?"

ஒரு நாள் ஆஷா ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நீச்சல் குளத்தில் போய் இறங்கினாள். முப்பது வயதுக்கு மேல் நீந்தக் கற்றுக்கொண்டாள். அப்புறம் கடல், அப்புறம் மீட்புப் பயிற்சி. கடைசியில் டைவிங் இன்ஸ்ட்ரக்டர் பரீட்சை எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொன்னாள்.

"தண்ணி ஒருத்தனை எடுத்துண்டாச்சு. போறாதாடி?" என்றாள் லலிதாம்பாள்.

"சொல்லித் தர ஆள் இல்லாமத்தாம்மா அவன் போனான். நான் சொல்லித் தரேன். எங்கிட்ட வரவா ஒருத்தரும் அப்படிப் போப்படாது."

"அதுக்கு நீ மீனாப் பொறக்கணுமோ?"

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒரே ஒரு தடவை பரீட்சை. ஜெயித்தால் அம்மா வாயைத் திறக்கமாட்டாள். தோற்றால் ஆஷா கடலுக்குத் தலைமுழுகிவிட வேண்டும். ஆஷா சம்மதித்தாள். ஜெயித்துவிடுவோம் என்ற திமிர்தான்.

இன்ஸ்ட்ரக்டர் ஆவது நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. நன்றாக நீந்தினால் போதாது. முகத்தில் மாட்டும் நீச்சல் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது, கழன்ற ரெகுலேட்டரை மீட்பது, அடுத்தவருக்குக் காற்றுக் கொடுப்பது, எல்லாவற்றையும் நீருக்கடியில், வாய் பேசாமல், கையால் மட்டும் சொல்லித் தர வேண்டும். விழுந்த பொருளைக் கட்டித் தூக்க முடிச்சுப் போடவும் படிக்க வேண்டும். ஆஷா இடக்கைக்காரி. அவள் போடும் முடிச்சு எல்லாம் நேர்மாறாகத் திரும்பி நிற்கும். "உங்க முடிச்சு கண்ணாடியில பாக்கிற மாதிரியே இருக்குங்க" என்று பரீட்சகர் வெங்கடேஸ்வரன் சிரிப்பார். சென்னையிலிருந்து வந்தவர், கண்டிப்பான மனிதர், ஆனால் சிரிப்பார்.

பரீட்சையில் ஒரு தந்திரம் உண்டு. கூடப் படிப்பவர்களே மாணவர்களாக நடிப்பார்கள். யார் என்ன தப்புச் செய்ய வேண்டும் என்று பரீட்சகர் அவர்களிடம் ரகசியமாகச் சொல்லியிருப்பார். ஒருத்தர் கண்ணாடிக்குள் ஏறிய தண்ணீரைச் சரியாகக் காலி செய்யமாட்டார், ஒருத்தர் தடுமாறுவார். அந்தத் தப்பைக் கண்டுபிடித்து, அது தப்பு என்று காட்டி, திருத்த வேண்டும். தப்பைப் பார்க்காவிட்டால் மார்க் குறையும். மாணவனையே பார்க்காமல் விட்டால் அவ்வளவுதான், பரீட்சை முடிந்தது.

அன்று ஆஷாவுக்கு மாணவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஷிஜு, பாறசாலைக்காரன், நல்ல பருத்த உடம்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாவிட்டால் அவனுக்கு அந்த வாரம் விடியாது. இன்னொருத்தி ஷெமி, விழிஞ்ஞத்துப் பெண். படகுக்காரர் தாசையன். கீழே போகிறவர்களின் மூச்சு குமிழியாக மேலே வருமல்லவா, மேலே இருப்பவர் அதைப் பார்த்துத்தான் ஆள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். தாசையன் முப்பது வருஷமாகக் கடலைப் பார்க்கிறவர்.

காலை ஏழு மணி நாற்பது நிமிஷத்துக்கு நாலு பேரும் இறங்கினார்கள். மழைக்காலம் முடிந்து கடல் இன்னும் முழுக்கத் தெளியவில்லை. பத்து மீட்டரில் தரை. ஒரு பாறை, அதன் அடியில் மணல். இரண்டு ஆள் நீளத்துக்குக் கண் தெரியும், அதற்கு மேல் எல்லாம் சாம்பல் பச்சையாகக் கலங்கிக் கிடந்தது.

ஷெமி இடது பக்கம் முட்டி போட்டாள். ஷிஜு வலது பக்கம். வெங்கடேஸ்வரன் கொஞ்சம் தள்ளி, ஷெமிக்குப் பின்னால் மிதந்தார். ஆஷாவுக்குக் கிடைத்த பாடம், கழன்ற ரெகுலேட்டரை மீட்பது. பாடம் எழுதிய சீட்டைப் பிரித்தபோதே தெரிந்தது, கைலாஷுக்கு யாரும் சொல்லித் தராத அதே பாடம். இருந்தாலும் நிதானமாகச் செய்து காட்டினாள்.

ரெகுலேட்டரை எடு. மூச்சை அடக்காதே, சின்னச் சின்னக் குமிழியாக விட்டுக்கொண்டே இரு. வலது தோளைத் தாழ்த்து. கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பெரிய வட்டமாக முன்னால் வீசு. குழாய் தானாகவே கையில் வந்து விழும். வாயில் வை. ஊது. பிறகு மூச்சு இழு.

ஷெமி செய்தாள். பாதியில் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறி, கை நடுங்குவது போல நடித்தாள். இதுதான் அவளுக்குச் சொன்ன தப்பு போலிருக்கிறது. ஆஷா அவள் தோளைப் பிடித்து, சரி செய்யவைத்து, மறுபடி செய்யவைத்தாள். கொஞ்ச நேரம் பிடித்தது. மணல் கிளம்பி இன்னும் கலங்கியது.

பிறகு வலது பக்கம் திரும்பினாள்.

அவன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான்.

முதலில் அவள் கண்ணில் பட்டது அவனுடைய உடுப்பு. கழுத்து லூஸாக விலகி நின்றது. சிலிண்டர் பட்டை தளர்ந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஓஹோ, இதையெல்லாம் நான் கவனிக்கிறேனா என்று பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பட்டையை இறுக்கினாள். கீழே குளிர் சற்று அதிகமாக இருந்தது.

கழுத்து விலகிய இடத்தில் நூல் ஒன்று வெளியே மிதந்தது. பூணூல். அதில் சின்னதாக ஏதோ ஒன்று சிலிண்டரில் இடித்துக்கொண்டிருந்தது.

டிக்... டிக்...

நீருக்கடியில் சத்தம் நன்றாகக் கேட்கும்.

டைவிங்கில் எதுவும் வெளியே தொங்கக் கூடாது. எங்காவது மாட்டிக்கொண்டால் ஆபத்து. இதுவும் பரீட்சைதான் என்று நினைத்தாள். நூலைச் சேர்த்துப் பிடித்து, சுருக்கி, கையில் பழகிய முடிச்சைப் போட்டு உள்ளே செருகிவிட்டாள். சத்தம் நின்றது. பூணூலைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பிறந்ததிலிருந்து அவள் பார்த்த ஆண்கள் எல்லோர் தோளிலும் கிடந்த நூல்.

செய் என்று கை காட்டினாள்.

அவன் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்தான்.

குமிழி வரவில்லை.

தப்பைப் பிடித்துவிட்டேன் என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். விரலை உதட்டுக்கு முன் வைத்துக் காட்டினாள். மூச்சை அடக்காதே. விடு.

அவன் விடவில்லை. கையை மேலே வீசினான். முன்னால் வீசினான். வெறும் தண்ணீரை அள்ளினான். குழாய் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் தேடுவது முழுக்க முன்னாலேயே இருந்தது.

ஷிஜு நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தாள்.

அவன் மணிக்கட்டைப் பிடித்து, தோளைத் தாழ்த்தி, கையைப் பின்னால் கொண்டுபோய், வட்டமாக வீசவைத்தாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. மெலிந்த கை. குழாய் கையில் விழுந்தது. அவன் வாயில் வைத்தான்.

குமிழி வரவில்லை.

மறுபடி.

மறுபடியும் வரவில்லை.

அவனுடைய கண்ணாடிக்குள் பாதிவரை தண்ணீர் நின்றது. அதற்குள் கண்கள் திறந்திருந்தன. உப்புத் தண்ணீரில் எரியாதா... இமைக்கவே இல்லை.

முட்டி போட்ட இடத்தில் மணல் அசையவில்லை.

ஆனாலும் ஆஷா பாடத்தை நிறுத்தவில்லை. பரீட்சை. அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை. இந்த ஒரு பாடம் மட்டும் தவறக் கூடாது.

தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். வாயைக் காட்டினாள்.

விடு...

அவன் பார்த்தான்.

விடு... விடுடா...

அவன் நெஞ்சு அசைந்தது.

ஒரே ஒரு குமிழி.

பெரியது. எத்தனையோ நாள் உள்ளே அடைத்து வைத்திருந்த மாதிரி. அவள் கண்ணாடியில் மோதி, உடைந்து, சலசலவென்று மேலே போயிற்று.

அவள் விரலை வட்டமாக்கிக் காட்டினாள். சரி. நன்றாகச் செய்தாய்.

அவனும் காட்டினான்.

வழக்கப்படி கை நீட்டினாள். பாடம் முடித்த மாணவனுக்குக் கை கொடுப்பது வழக்கம். அவன் பிடித்தான். பிடித்தான்... உடனே விடவில்லை.

தோளில் யாரோ தட்டினார்கள்.

திரும்பினாள். ஷெமி. கண்ணாடிக்குள் அவள் கண் பயந்து போயிருந்தது. ஆஷா மறுபடி வலது பக்கம் பார்த்தாள்.

மணல் மட்டும்தான் இருந்தது. ஒரு தடம்கூட இல்லை.

வெங்கடேஸ்வரன் அருகே வந்து கையை விரித்துக் காட்டினார். உன் மாணவன் எங்கே? ஆஷா பாறையைச் சுற்றிப் பார்த்தாள். கலங்கிய தண்ணீருக்குள் பார்த்தாள். அவர் கட்டைவிரலை உயர்த்தினார். மேலே போகலாம் என்று அர்த்தம்.

படகில் ஷிஜு மூக்கில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எப்ப வந்தீங்க?" என்றாள் ஆஷா.

"நீ ஷெமிக்க மாஸ்க்க பாத்துட்டு இருந்தப்பவே. காது அடைச்சு மூக்குல ரத்தம் வந்துட்டு, கேட்டியா. சாரு போவச் சொன்னாரு."

வெங்கடேஸ்வரன் சிரிக்கவில்லை.

"ஒரு மாணவன் போனதே தெரியலை உங்களுக்கு. திரும்பினதும் கண்டுபிடிப்பீங்கன்னு காத்திருந்தேன். நீங்க பாட்டுக்கு வெறும் மணலுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருக்கீங்க. என்ன ஆச்சும்மா?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா செஞ்சீங்க. அதை மறுக்கலை. அவ்வளவு பொறுமையா யாரும் சொல்லித் தந்து நான் பாத்ததில்லை. ஆனா ஆளே இல்லாம செஞ்சீங்க. என்னால பாஸ் போட முடியாது."

"சேச்சி..." என்றாள் ஷெமி மெதுவாக. "சேச்சி ஆருக்கு கை கொடுத்தது?"

ஷிஜு உடுப்பின் ஜிப்பை இறக்கி இடுப்புவரை உரித்தான். ஆஷா அவன் தோளைப் பார்த்தாள். ஒரு நூலும் இல்லை. அவன் கழுத்தில் ஒரு செயின்கூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து இடித்தது. மெலிந்த கை. லூஸான உடுப்பு. டிக் டிக். நெஞ்சுக்குள் தான் சொன்ன 'விடுடா'. ஷிஜு அவளைவிட நாலு வயது மூத்தவன். அவனை அவள் ஒரு நாளும் டா போட்டதில்லை.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இறங்கிய இடத்தையே பார்த்தாள். தோற்ற வருத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கரைக்கு வந்து சிலிண்டர்களை இறக்கும்வரை தாசையன் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்கள் முன்னால் நடந்த பிறகு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"மோளே, ஒரு காரியம் கேக்கட்டா? கடல்ல வச்சு இத சொல்லப்பிடாது. அதனாலதான் கரை ஏறட்டும்னு இருந்தேன்."

"சொல்லுங்கண்ணே."

"ஷிஜு மேல வந்தாச்சு. அப்பம் கீழ மூணு பேரு. மூணு வரிசையாத்தான் குமிழி வந்துட்டு இருந்து. நான் பாத்துட்டே இருந்தேன். அதுக்க எடையில நாலாவதா ஒண்ணு வந்து மோளே. உனக்க பக்கத்துல. ஒரே ஒரு தடவ. பெரிசா." கையால் அகலம் காட்டினார். "பொறவு வரல்ல. அது ஆராக்கும்?"

ஆஷா அங்கேயே மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தாசையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவளிடம் கொடுத்துவிட்டுப் படகைக் கழுவப் போய்விட்டார்.

அவள் கரமனைக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். லலிதாம்பாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னாச்சு?"

"தோத்துட்டேம்மா."

லலிதாம்பாளின் முகத்தில் சட்டென்று ஒரு நிம்மதி வந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டாள்.

"நீ தோக்கணும்னுதான்டி பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிண்டேன். என்னை என்ன வேணா சொல்லிக்கோ. உன்னையும் வாரிக் கொடுத்துட்டு நான் ஒத்தைல என்ன பண்ணுவேன்?"

ஆஷாவுக்குக் கோபம் வரவில்லை. அம்மாவைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கலங்கிய தண்ணீர், தளர்ந்த பட்டை, வெளியே மிதந்த பூணூல், டிக் டிக் என்ற சத்தம், தான் அதைச் சுருக்கி முடிச்சுப் போட்டது, கடைசியில் வந்த குமிழி, தாசையன் சொன்னது. லலிதாம்பாள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். பூணூல் என்று வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

சொல்லி முடித்ததும் எழுந்து சமையலறைக்குப் போனாள். பரணுக்குக் கீழே, பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துவந்தாள்.

"உங்கிட்ட மறைச்சுட்டேன். ஆஸ்பத்திரியில அவன் சாமானெல்லாம் ஒரு கவர்ல போட்டுக் கொடுத்தா. வாட்சும் மோதிரமும் உனக்குக் காட்டினேன். இதைக் காட்டலை. வாத்தியார் புதுப் பூணூல் போட்டுத்தானே கொண்டுபோனா. பழசை ஆத்துல வச்சுக்கப்படாது, கேட்டியோ. எனக்கு மனசு வரலை. அவன் நெஞ்சுல கெடந்ததாச்சே."

"சாவியுமா?"

"சாவியும்தான். நவராத்திரிக்கு முன்னால எடுத்துப் பாத்தேன். அப்பறம் தொடலை. இந்த ஆத்துல நம்ம ரெண்டு பேரைத் தவிர வேற யாரு இருக்கா தொட?"

மூடியை நெம்பித் திறந்தாள்.

டின்னுக்குள் பூணூல் இருந்தது. பழுப்பேறி, நன்றாகக் காய்ந்து. சாவியும் இருந்தது.

ஆனால் நூல் சேர்த்துப் பிடித்துச் சுருக்கப்பட்டிருந்தது. சாவி ஆடாமல், இடிக்காமல், இறுக்கமாக...

முடிச்சுப் போட்டிருந்தது.

லலிதாம்பாள் அதை உற்றுப் பார்த்தாள். விரலால் தொடவில்லை.

"இது பூணூலுக்குப் போடற பிரம்ம முடி இல்லையேடி. இப்படி இல்லை. நான் பாத்தப்ப நூல் சும்மா நீளமா கெடந்தது. இது... இது யாரு போட்ட முடி?"

ஆஷா பார்த்தாள். ஒரு வளையம். அதற்குள் நுழைந்து, பின்னால் சுற்றி, மறுபடி வளையத்துக்குள். எல்லாம் நேர்மாறாகத் திரும்பி நின்றது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி.

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் அந்த இடக்கையை மாற்றப் பார்த்து அடித்து அடித்துத் தோற்றவள் லலிதாம்பாள்தான். அவளுக்குத் தெரியும்.

இரண்டு பேரும் அந்த டின்னை நடுவில் வைத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். வெளியே பஸ் போகிற சத்தம், எங்கள் வீட்டுக் குக்கர் விசில் எல்லாம் கேட்டிருக்கும். அவர்கள் காதில் விழுந்திருக்காது.

"ஆஷா."

"என்னம்மா."

"மூச்சு விட்டானாடி?"

"விட்டாம்மா."

"நன்னா விட்டானா?"

"நன்னா விட்டான்."

லலிதாம்பாள் தலையை ஆட்டினாள். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் சத்தம் போட்டு அழுததை நாங்கள் கேட்டோம். எதிர்வீட்டிலிருந்து நானும் என் மனைவியும் என்னவோ ஏதோ என்று ஓடினோம். அப்படித்தான் எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தையும் அவளே உடைத்தாள். "போய் மறுபடி எழுது. இன்னும் எத்தனை பேர் கத்துக்காமப் போயிருக்காளோ" என்று சொல்லி அனுப்பினாள். ஆஷா அடுத்த பரீட்சையில் தேறினாள். இப்போது கோவளத்தில் சொல்லித் தருகிறாள். ரெகுலேட்டர் பாடத்தை மட்டும் அவசரப்படுத்தினால் யாராக இருந்தாலும் திட்டுவாள்.

காற்று, அலை, கலங்கிய தண்ணீர், பரீட்சைப் பயம் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். நானும் படித்தவன்தான், எனக்கும் சொல்லத் தெரியும். தாசையன் பார்த்த குமிழிக்கும் ஏதாவது சொல்லிவிடலாம்.

அந்த டின்னை லலிதாம்பாள் என் கையில் கொடுத்தாள். நான் பார்த்தேன். முடிச்சு இடப்பக்கம் திரும்பித்தான் இருந்தது. நூல் காய்ந்துதான் இருந்தது. முடிச்சின் மடிப்புக்குள் மட்டும், நகத்தால் சற்று விலக்கியபோது, கடல் மணல் நாலைந்து பொடி என் உள்ளங்கையில் உதிர்ந்தது.